தச்சர் மகனும் நீராவியும்

பானையில் நீர் கொதித்து ஆவியாவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நீர் வேறு, நீராவி வேறு என்றே நம் கண்களுக்குத் தோன்றுகிறது. ஆனால், திரவமும் வாயுவும் ஒரே பொருளின் இருவேறு நிலைகள்தாம் என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிச் செல்ல வழி உண்டு என்பதையும் கணக்கின்வழி விளக்கியவர் யோஹானஸ் டிடெரிக் வான் டெர் வால்ஸ்.

இவர் 1837-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தார். தந்தை தச்சர். பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். அக்காலத்தில் பல்கலைக்கழகத்தில் சேர லத்தீனும் கிரேக்கமும் கற்றிருக்க வேண்டும். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு அக்கல்வி எட்டாக்கனியாகவே இருந்தது. பதினைந்து வயதில் படிப்பை முடித்துக்கொண்டு, தொடக்கப்பள்ளியில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஆசிரியர் பணி செய்துகொண்டே அவர் தேர்வுகளை எழுதித் தகுதிகளை உயர்த்திக்கொண்டார். 1862-இல் லைடன் பல்கலைக்கழக விரிவுரைகளுக்குச் செல்லத் தொடங்கினார். பாடங்களைக் கேட்க முடிந்தது. பட்டத் தேர்வு எழுதத்தான் முடியவில்லை. ஆயினும், அவர் கற்பதை நிறுத்தவில்லை. பின்னர் உயர்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியரானார். அறிவியல் மாணவர்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கட்டாயமில்லை என்று சட்டம் மாறியதும் தேர்வுகளை எழுதித் தேர்ச்சி பெற்றார். 1873-இல், தம் 35-ஆம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஆய்வேடு ஒரு புதிருக்கு விடை தந்தது. கரியமில வாயுவை ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாவதில்லை என்று தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் கண்டறிந்திருந்தார். இவ்வெல்லையை மாறுநிலை வெப்பநிலை என்பர். ஏன் இப்படி நடக்கிறது? மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு; அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்றார் வான் டெர் வால்ஸ். மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றனவா என்று அறிஞர் சிலர் ஐயுற்ற காலம் அது. இவ்விரண்டு கருத்துகளையும் ஒரே சமன்பாட்டில் அவர் இணைத்துக் காட்டினார். பிரிட்டனின் புகழ்பெற்ற இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அந்த ஆய்வைப் பாராட்டினார்.

1877-இல் அவர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஒவ்வொரு பொருளையும் அதன் மாறுநிலையோடு ஒப்பிட்டு அளந்தால், வெவ்வேறு பொருள்களும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்று 1880-இல் எடுத்துக்காட்டினார். இந்த விதியை வழிகாட்டியாகக் கொண்ட காமர்லிங் ஓன்ஸ், 1908-இல் ஹீலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார்.

புகழ் வளர்ந்த வேளையில் துயரமும் வந்தது. 1881-இல் அவருடைய மனைவி ஆன்னா காசநோயால் இறந்தார். நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையான அவர் மனமுடைந்து போனார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எந்த ஆய்வையும் வெளியிடவில்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. ஆயினும், 1890-இல் கலவைகளைப் பற்றிய புதிய கோட்பாட்டுடன் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1910-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1923-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய சமன்பாடு முழுமையானதன்று. மாறுநிலைக்கு மிக அருகில் அது தரும் விடைகள் அளவீடுகளோடு சரியாகப் பொருந்தவில்லை. அந்நிலையில் சிறிதும் பெரிதுமாக எல்லா அளவுகளிலும் அடர்த்தி ஏறி இறங்குவதே காரணம். சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் படிப்படியாகச் சென்று கணக்கிடும் முறையை 1971-இல் அமெரிக்க அறிஞர் கென்னத் வில்சன் இதற்குப் பயன்படுத்தினார். மறுஇயல்பாக்கக் குலம் எனப்படும் அம்முறை, வெவ்வேறு பொருள்கள் மாறுநிலையில் ஒத்து நடப்பதன் காரணத்தையும் விளக்கியது. அதற்காக வில்சன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

பட்டத் தேர்வு எழுத இயலாத நிலையிலும் விரிவுரைகளைத் தேடிச் சென்றார் ஓர் ஆசிரியர். அவர் எழுப்பிய வினா, நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அறிஞர்களைச் சிந்திக்க வைத்தது.