சிக்கோ மான்ஸ்ஹோல்ட்

சிக்கோ லேண்டர்ட் மான்ஸ்ஹோல்ட் (செப்டம்பர் 13, 1908 – ஜூன் 29, 1995) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த அரசியல்வாதி ஆவார். உழவராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1945 முதல் 1958 வரை அந்நாட்டின் வேளாண்மை அமைச்சராகவும், அதன் பின்னர் ஐரோப்பிய ஆணையத்தின் துணைத்தலைவராகவும் பணியாற்றினார். 1972-73 காலப்பகுதியில் சில மாதங்கள் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். ஐரோப்பாவின் பொது வேளாண்மைக் கொள்கையை உருவாக்கியவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். தாம் உருவாக்கிய அக்கொள்கையைத் திருத்த முயன்று, அதில் பெரும்பாலும் தோல்வி கண்டவரும் இவரே.

இளமைக் காலம்

நெதர்லாந்தின் வடகோடியில் உள்ள குரோனிங்கன் மாகாணத்தின் உல்ரம் என்னும் ஊரில் மான்ஸ்ஹோல்ட் பிறந்தார். தந்தையார் உழவர், சமூகவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர், மாகாண நிர்வாகத்திலும் பங்கு பெற்றவர். தாயார் ஒரு நீதிபதியின் மகள். நெதர்லாந்தில் அரசியல் அறிவியல் பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். நிலமும் அரசியலும் ஒன்றாகப் பேசப்பட்ட வீடு அது.

உழவராக வேண்டும் என்பதே இவரது விருப்பம். ஆனால் சொந்தமாகப் பண்ணை அமைக்கும் அளவுக்குக் குடும்பத்தில் பணம் இருக்கவில்லை. எனவே தேவென்டர் நகரில் இருந்த வெப்பமண்டல வேளாண்மைப் பள்ளியில் பயின்று, 1934 இல் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியாவின் ஜாவாத் தீவுக்குச் சென்று தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றினார். அங்கு கண்ட குடியேற்றவாத முறை இவருக்கு ஒவ்வாமற் போகவே 1936 இல் நாடு திரும்பினார். எனினும், பிற்காலத்தில் 1947, 1948 ஆண்டுகளில் இந்தோனேசிய விடுதலை இயக்கத்திற்கு எதிராக நெதர்லாந்து படை நடவடிக்கை மேற்கொண்டபோது, அந்த அமைச்சரவைகளில் இவரும் அங்கம் வகித்தார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

நாடு திரும்பியபின் வீரிங்கர்மேயர் பகுதியில் இவருக்கு நிலம் கிடைத்தது. கடலடியில் கிடந்து, 1930 இல் நீர் இறைத்து மீட்கப்பட்ட புதுநிலம் அது. 1938 இல் ஹென்னி போஸ்டல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

போரும் பஞ்சமும்

1940 மே மாதம் நெதர்லாந்து செருமனியின் பிடிக்குள் வந்தது. மான்ஸ்ஹோல்ட் எதிர்ப்பியக்கத்தில் இணைந்தார். தேடப்பட்டவர்களுக்கு மறைவிடம் அளித்ததுடன், நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு சேர்க்கும் பணியிலும் ஈடுபட்டார். 1944-45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தின் நகரங்களில் கடும் பஞ்சம் நிலவியது. ஏறத்தாழ 20,000 பேர் உயிரிழந்தனர். மக்கள் டியூலிப் கிழங்குகளை உண்டு உயிர் பிழைத்தனர். போர் முடியச் சில வாரங்களே இருந்த நிலையில், ஏப்ரல் 17, 1945 அன்று செருமானியப் படையினர் அணையைத் தகர்க்க, வீரிங்கர்மேயர் முழுவதும் நீரில் மூழ்கியது.

வளமான ஐரோப்பிய நாடொன்றில் மக்கள் பட்டினியால் மடிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். பின்னாளில் இவர் எடுத்த முடிவுகளை இதைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்வது கடினம்.

அமைச்சர்

1945 ஜூன் மாதம் பிரதமர் வில்லெம் ஸ்கெர்மர்ஹோர்ன் இவரை வேளாண்மை, மீன்வளம், உணவு வழங்கல் துறைகளின் அமைச்சராக நியமித்தார். அப்போது இவருக்கு வயது 36. தொடர்ந்து ஆறு அமைச்சரவைகளில் அதே துறையை வகித்தார். முதற் பணி மக்களுக்கு உணவளிப்பது. பங்கீட்டு முறை மெல்ல மெல்லத் தளர்த்தப்பட்டது. கடைசியாக எஞ்சியிருந்த காப்பிக்கான பங்கீடு 1952 இல் முடிவுக்கு வந்தது. உழவர்களுக்கு உறுதியான விலை, சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒருங்கிணைத்தல், இயந்திரமயமாக்கல் ஆகியவை இவரது கொள்கையின் கூறுகள்.

நெதர்லாந்து விளைவிப்பதில் பெரும்பகுதியை அண்டை நாடுகளுக்கு விற்றாக வேண்டும். ஆகவே, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே வேளாண் பொருட்களுக்கான பொதுச் சந்தை ஒன்றை அமைக்கும் திட்டத்தை இவர் 1950 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். பேச்சுவார்த்தைகள் 1954 இல் பயனின்றி முடிந்தன.

பொது வேளாண்மைக் கொள்கை

1957 இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தம் மீண்டும் வாய்ப்பளித்தது. 1958 இல் அமைச்சர் பதவியை விட்டு, வால்டர் ஹால்ஸ்டைன் தலைமையிலான முதல் ஆணையத்தில் வேளாண்மைக்குப் பொறுப்பான துணைத்தலைவராக பிரசெல்ஸ் சென்றார். ஒப்பந்தம் நோக்கங்களை மட்டுமே கூறியது. வழிமுறைகளை வகுப்பது இவரது பொறுப்பாயிற்று.

இவர் வடிவமைத்த முறை சுருக்கமாக வருமாறு: ஒவ்வொரு முக்கிய விளைபொருளுக்கும் ஆறு நாடுகளுக்கும் பொதுவான விலை ஒன்று ஆண்டுதோறும் முடிவு செய்யப்படும். சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பொது நிதியிலிருந்து பொருள் கொள்முதல் செய்யப்படும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் பொருளின் மீது, உள்நாட்டு விலைக்கு ஈடாகும் வரை தீர்வை விதிக்கப்படும். மிகையானதை வெளியே விற்க மானியம் வழங்கப்படும்.

1961 டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அமைச்சர்களால் அதற்குள் முடிக்க இயலவில்லை. கூட்ட அறைக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அன்றைய நாள் இன்னும் முடியவில்லை என்று பாவித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தனர். ஜனவரி 14, 1962 அன்று உடன்பாடு ஏற்பட்டது. தானியங்களுக்கான பொது விலை 1964 டிசம்பரில் முடிவாகி 1967 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவ்விலை உலகச் சந்தை விலையைவிட மிக உயர்ந்ததாக இருந்தது. இடையில் 1965 இல் வேளாண்மைக்கான நிதி ஏற்பாடு தொடர்பில் பிரான்சு ஏழு மாத காலம் அமைச்சர் கூட்டங்களைப் புறக்கணித்ததும் உண்டு.

எவ்வளவு விளைந்தாலும் உறுதியான விலைக்கு வாங்கப்படும் என்பதில் ஒரு குறை இருந்தது: உற்பத்திக்கு மேல்வரம்பு எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே ஐரோப்பியக் கிடங்குகளில் வெண்ணெய் மலையாகக் குவிந்தது. பெரும் பண்ணைகளே கூடுதல் பயன் பெற்றன. சிறு உழவரின் வருமானம் அப்போதும் பின்தங்கியே இருந்தது.

மான்ஸ்ஹோல்ட் திட்டம்

இதனை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்களுள் மான்ஸ்ஹோல்டும் ஒருவர். 1968 டிசம்பரில் இவர் முன்வைத்த சீர்திருத்த அறிக்கையே மான்ஸ்ஹோல்ட் திட்டம் எனப்படுகிறது. விலையை உயர்த்திக்கொண்டே போவதால் பயனில்லை, பண்ணைகளின் அளவை மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். வேளாண்மையில் உள்ளவர்களில் 50 இலட்சம் பேர் 1980 க்குள் அத்தொழிலை விட்டு விலக வேண்டும். முதியோருக்கு ஓய்வூதியமும் இளையோருக்கு மாற்றுத் தொழிற்பயிற்சியும் அளிக்கப்படும். 50 இலட்சம் ஹெக்டேர் நிலம் சாகுபடியிலிருந்து நீக்கப்படும். தானியப் பண்ணை ஒன்று 80 முதல் 120 ஹெக்டேர் வரையும், பால் பண்ணை ஒன்று 40 முதல் 60 பசுக்கள் வரையும் கொண்டிருக்க வேண்டும் என்றது அறிக்கை. அன்றைய பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவுக்கு அருகில்கூட வரவில்லை.

கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தலைமுறைகளாக உழுத நிலத்தை விட்டுப் போகும்படி கூறும் அறிக்கையை உழவர்கள் கணக்காக மட்டும் படிக்கவில்லை. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 1971 பிப்ரவரியில் உழவர்கள் பிரசெல்சில் அமைச்சர்கள் கூடியிருந்த அறைக்குள்ளேயே பசுக்களை ஓட்டிச் சென்றனர். மார்ச் 23, 1971 அன்று ஓர் இலட்சத்தை நெருங்கிய உழவர்கள் அந்நகரில் திரண்டனர். மோதலில் ஒருவர் உயிரிழந்தார். இறுதியில் 1972 ஏப்ரலில், பண்ணை நவீனமாக்கம், முன்கூட்டிய ஓய்வு, பயிற்சி ஆகியவை குறித்த மூன்று மிதமான நெறியுரைகள் மட்டுமே நிறைவேறின.

வளர்ச்சி குறித்த கடிதம்

1972 பிப்ரவரியில், ஆணையத் தலைவர் பிராங்கோ மரியா மல்பாத்திக்கு மான்ஸ்ஹோல்ட் ஒரு கடிதம் எழுதினார். வளர்ச்சியின் எல்லைகள் குறித்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் தயாரித்த, அப்போது இன்னும் வெளிவராத ஆய்வின் தாக்கத்தில் எழுதப்பட்டது அது. மொத்த தேசிய உற்பத்தியை அளவுகோலாகக் கொள்வதைக் கைவிட வேண்டும், நீடித்து உழைக்கும் பொருட்களுக்கும் மாசற்ற உற்பத்திக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். விளைச்சலைப் பெருக்குவதையே கால் நூற்றாண்டுக் காலம் பணியாகக் கொண்டிருந்தவரிடமிருந்து இது வந்தது பலரை வியப்பில் ஆழ்த்தியது.

மார்ச் 22, 1972 அன்று மல்பாத்தி இத்தாலியத் தேர்தலில் போட்டியிடுவதற்காக விலக, மான்ஸ்ஹோல்ட் ஆணையத் தலைவரானார். ஏப்ரலில் பிரான்சில் நடைபெற்ற பொது வாக்கெடுப்பின்போது, பொதுவுடைமைக் கட்சித் தலைவர் ஜார்ஜ் மார்ஷே அக்கடிதத்தை அம்பலப்படுத்தித் தாக்கினார். ஆணையத்திலேயே சக உறுப்பினரான ரேமோன் பார் அதனை மறுத்தார். ஜனவரி 1, 1973 அன்று பிரித்தானியா, அயர்லாந்து, டென்மார்க் ஆகியவை சமூகத்தில் இணைந்த சில நாட்களில் இவரது பதவிக்காலம் முடிவுற்றது. பிரான்சுவா-சேவியர் ஓர்த்தோலி அடுத்த தலைவரானார்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் சுற்றுச்சூழல், வளரும் நாடுகளின் நிலை ஆகியவை பற்றி எழுதியும் பேசியும் வந்தார். தாம் உருவாக்கிய வேளாண் முறை மண்ணுக்கும் நீருக்கும் விளைவித்த கேட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். இதற்கிடையே, பாலுக்கான உற்பத்தி ஒதுக்கீடு 1984 இலும், நிலத்தைத் தரிசாக விடுவதைக் கட்டாயமாக்கிய சீர்திருத்தம் 1992 இலும் வந்தன; இவர் 1968 இல் கேட்டவற்றின் ஒரு பகுதி கால் நூற்றாண்டு தாமதமாக நடந்தது எனலாம். ட்ரெந்தே மாகாணத்தின் வாப்சர்வேன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து வந்த மான்ஸ்ஹோல்ட், ஜூன் 29, 1995 அன்று தமது 86 ஆம் வயதில் அங்கேயே காலமானார்.