வினாவோடு வருவோர்க்காக: சீர்காழி இரா. அரங்கநாதன்

வீட்டுவரி செலுத்திப் பெறும் சீட்டை உற்று நோக்கினால், நூலக வரி என்றொரு சிறு தொகை அதிற் சேர்ந்திருப்பதைக் காணலாம். நூலகத்தின் படியை ஒருநாளும் மிதித்தறியாதவரும் அதனைச் செலுத்தியே வருகின்றனர். அத்தொகை நம் சீட்டில் ஏறுதற்குக் காரணமானவர் கணிதம் கற்பித்து வந்த ஓர் ஆசிரியர் என்பதை அறிந்தவர் சிலரே.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் அரங்கநாதன். தந்தையார் இராமாமிர்தம் இளமையிலேயே மறைந்தார். திக்குவாய்க் குறை இருந்தும் ஆசிரியத் தொழிலையே விரும்பி ஏற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூர், கோவை, சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பட்டபோது அவருக்கு அப்பணியில் சிறிதும் நாட்டமில்லை. மாணவர் கூட்டத்திடையே வாழ்ந்து பழகியவர்க்கு ஆளரவமற்ற நூலகம் சிறையாகத் தோன்றியது. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப வழி தேடினார். இலண்டன் சென்று பயின்று வந்த பின்னும் மனம் மாறாவிடில் திரும்பி வரலாம் என்ற இசைவோடுதான் கப்பலேறினார்.

மாற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. இலண்டன் பல்கலைக் கல்லூரியில் நூலகவியல் கற்றதினும், பிரித்தானிய நூலகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நேரில் கண்டதே அவரை மாற்றியது. குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் தத்தம் தேவைக்கு அங்கு வந்து போயினர். புலவர்க்கும் பட்டதாரிகளுக்கும் உரியதென நம் நாட்டில் எண்ணப்பட்ட ஓரிடம், அங்கே கடைத்தெருவைப் போல எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. 1925-இல் தாயகம் திரும்பியவர் கல்லூரிப் பணியைப் பின்னர் நினைக்கவேயில்லை.

அரங்கநாதன் என்றவுடன் நூலகவியல் மாணவர் கோலன் பகுப்பு முறையையே கூறுவர். கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளின் துண்டுகள் வெவ்வேறு வடிவாகப் பொருந்துவதிலிருந்து முளைத்து, 1933-இல் நூலாக வெளிவந்த அம்முறை அறிவுலகம் வியக்கும் சாதனையே. ஆயினும் உலக நூலகங்களுட் பல இன்றும் டியூயியின் பகுப்பையே கையாள்கின்றன. அரங்கநாதனின் பெருமை வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து.

ஒருவர் ஒரு வினாவோடு நூலகத்தினுள் நுழைகின்றார். ஓர் ஊருக்குச் செல்லும் வழி, ஒரு சொல்லின் பொருள், ஓர் அரசாணையின் விவரம், பயிரைத் தாக்கும் பூச்சிக்கு மருந்து என அது எதுவாகவும் இருக்கலாம். எந்த நூலில் விடை உள்ளதென அவர் அறியார். அறிந்திருப்பின் கேட்கவே வந்திரார். அட்டவணையைக் காட்டி அவரை விட்டுவிடுவது தகாது. நூலகர் எழுந்து வந்து உடன் நிற்றல் வேண்டும் என்பதே அரங்கநாதன் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது. இதனைக் குறிப்புதவிப் பணி என்பர். 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதலாவது; வாசகரின் காலத்தைக் காத்தல் நான்காவது. இரண்டையும் இணைத்தால் இப்பணியே கிடைக்கும். எல்லார்க்கும் நூல் என்னும் பொருளமைந்த இரண்டாம் விதியை விளக்குகையில், பார்வையற்றோரையும் நோயாளரையும் சிறைப்பட்டோரையும் கடலோடிகளையும் அவர் மறந்தாரல்லர்.

1940-இல் குறிப்புதவிப் பணிக்கெனவே விரிவான நூலொன்றைக் கொண்டு வந்தார். புதிய வாசகர்க்கு நூலகத்தைப் பழக்குவது, பொதுவாக உதவுவது என்பவற்றோடு விடை தேடும் பணியையும் இருவகையாக்கினார். அகராதி, ஆண்டு நூல், முகவரி நூல் போன்றவற்றிலிருந்து சில நிமிடங்களில் எடுத்துக் கொடுப்பது ஒன்று. பல நூல்களைத் துருவி, வேண்டுமாயின் நாள்கணக்கில் உழைத்துத் தருவது மற்றொன்று. வந்தவரின் தகுதியை நோக்காது வினாவின் தன்மையையே நோக்கிய பகுப்பு இது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். பூட்டிய அலமாரிகளை விடுத்து, வாசகர் தாமே நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொணர்ந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டித்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் செயலர் அவரே. மறு ஆண்டே நூலகர்க்குக் கோடைப் பயிற்சி தொடங்கிற்று. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் சென்றது இவ்வியக்கம் தழைத்த காலத்தில்தான். வண்டிச் சக்கரத்தின் சேற்றோடு நூலகம் ஊருக்குள் நுழைந்த காட்சியை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது.

1929-இல் சாரதா அம்மையாரை மணந்த அன்று பிற்பகலிலேயே நூலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியோர் வியந்து கூறுவர். அம்மணமகள் அன்று என்ன நினைத்திருப்பார் என்பதை எவரும் எழுதக் காணோம்! பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயை அளித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியப் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். அதற்கு அம்மையாரின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்.

தனி மனிதரின் ஆர்வத்தால் மட்டும் நூலகம் நிலைபெறாது, சட்டமும் நிலையான வருவாயும் வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். 1930-இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டின்போதே மாதிரிச் சட்ட வரைவை முன்வைத்தார். பதினெட்டாண்டுகள் கழிந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன்வழி வந்ததே மாவட்ட நூலக ஆணைக்குழுவும், தொடக்கத்தில் கூறிய நூலக வரியும். அப்போது அரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர்த் தில்லிக்கும் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை நூலகத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தேன். கைம்பெண் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தை யாரிடம் தருவதெனக் கேட்டு உள்ளே வந்தார். இது நூலகம் அம்மா, தாலுகா ஆபீசில் போய்க் கேளுங்கள் என்று கூறி அவரை அனுப்பிவிட்டனர். அங்கிருந்த ஒரே பணியாளர்க்கு நூல் வழங்குவது முதல் கதவடைப்பது வரை எல்லாம் தம் தலைமேல். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால் அந்த விவரம் அடங்கிய அரசுக் கையேடு என் முதுகுக்குப் பின்னிருந்த அலமாரியில்தான் இருந்தது. நானும் அதைப் பின்னரே கண்டேன்.

அரங்கநாதன் 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பும் பெற்றார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, 1972 செப்டம்பர் 27 அன்று அந்நகரிலேயே மறைந்தார். ஆகஸ்டு 12-ஆம் நாளை நூலகர் நாளாகக் கொண்டாடி, அவர் படத்திற்கு நூலகங்களில் மாலை சூட்டுகின்றனர். குறிப்புதவிக்கெனத் தனி மேசையும் அதன் பின்னே ஓர் ஆளும் உள்ள கிளை நூலகத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.