ஜூல் கண்ட உண்மை

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அண்மையில் உள்ளது தீர்த்தமலை. அதன் உயரத்தே பாறையினின்று இராமர் தீர்த்தம் வீழ்கின்றது. வீழ்ந்த நீர் பாறையில் மோதி அடங்கியதும் அதன் வேகம் எங்கே சென்றது? இத்தகைய வினாவிற்கு விடை காண நெடுங்காலம் உழைத்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

ஜூல் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் பீர் வடிக்கும் ஆலை உடையவர். இளமையில் உடல் நலம் குன்றியமையால் ஜூல் வீட்டிலேயே கல்வி தொடங்கினார். பின்னர், அணுக்கொள்கையை நிறுவிய ஜான் டால்ட்டனிடம் பயின்றார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். பேராசிரியர் பதவி வகித்தவருமல்லர். ஆலைப் பணிக்கிடையே ஆய்வு நடத்தி வந்தார்.

வெப்பம் ஒருவகை நுண்பாய்மம் என்றே அந்நாளில் அறிஞர் பலர் கருதினர். செய்த வேலையே வெப்பமாக மாறுகின்றது என்னும் தம் முடிவை 1843-இல் கார்க் நகரில் கூடிய அறிஞர் அவையில் ஜூல் வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்து, கப்பி வழியே இறங்கும் எடைகளால் அதனைச் சுழற்றினார். எடைகள் பன்முறை இறங்கியும் நீரின் வெப்பநிலை ஒரு பாரன்ஹீட் பாகை கூட உயரவில்லை. அச்சிறு ஏற்றத்தையும் அவர் பிழையின்றி அளக்க முயன்றார். 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் அவர் உரையை உற்றுக் கேட்டார். முதலில் ஐயுற்றாராயினும் அதன் அருமையை உணர்ந்தார். பின்னர் இருவரும் இணைந்து ஆய்ந்தனர். 1 பவுண்டு நீரை 1 பாரன்ஹீட் பாகை சூடேற்ற, 772 பவுண்டு எடை 1 அடி இறங்கும்போது செய்யும் வேலை வேண்டும் என்று ஜூல் 1850-இல் வெளியிட்டார்.

மாணவர்களே, இக்கருத்தின் பயனை ஒரு கணக்கால் அறிவோம். தீர்த்தமலையில் 1 கிலோகிராம் நீர் 10 மீட்டர் வீழ்வதாகக் கொள்க. அதன்மீது புவி செலுத்தும் விசை 9.8 நியூட்டன். விசையைத் தொலைவால் பெருக்கினால் செய்யப்பட்ட வேலை 98 ஜூல். காற்றின் தடையைக் கருதாவிடில், இவ்வேலைக்குச் சமமாக நீரின் இயக்க ஆற்றல் பெருகும். இதுவே வேலை ஆற்றல் தேற்றம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியதிற் பாதி இயக்க ஆற்றல். ஆதலின் வேகத்தின் வர்க்கம் 196. வேகம் நொடிக்கு 14 மீட்டர். வீழ்ந்த நேரத்தை அறியாமலே வேகத்தை அறிந்தோம்! நீர் மோதி அடங்கும்போது அந்த 98 ஜூலும் பெரும்பாலும் வெப்பமாகும். ஆயினும் நீர் ஒரு செல்சியஸ் பாகையில் நாற்பதில் ஒரு பங்கு கூடச் சூடேறாது. ஜூல் மேற்கொண்ட அளவையின் அருமை இதனால் விளங்கும்.

1889-இல் பாரிசில் கூடிய மாநாடு ஆற்றலின் அலகுக்கு ஜூல் என்று பெயரிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. பொறுமையோடு அளந்து கண்ட உண்மை ஒருநாள் உலகத்தின் ஏற்பைப் பெறும் என்பதற்கு அவ்வெண்ணே சான்று.