பச்சையப்ப முதலியாரின் உயிலும் தர்மகர்த்தாக்களின் கடமையும்

தர்மம் செய்தவருடைய பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தர்மத்தை நடத்துகிறவர் இன்னார் என்பதோ ஊராரில் பலருக்குத் தெரிவதில்லை. நமது நாட்டில் பழைய சத்திரங்களும், மண்டபங்களும், பெரியோர் வாழ்ந்த இல்லங்களும் பாழாவதற்கு இதுவே முதற்காரணம் என்பது நமது அபிப்பிராயம். மானாம்பதி, உத்திரமேரூர் முதலிய ஊர்களில் பொதுக் காரியங்களில் ஈடுபட்டு உழைக்கும் நண்பர்கள் இவ்விஷயத்தைச் சிந்திக்க வேண்டும். அதற்குத் துணையாகப் பச்சையப்ப முதலியாரின் சரித்திரத்தை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

பச்சையப்பர் 1754ஆம் வருஷத்தில் பெரியபாளையத்தில் பிறந்தார். குழந்தை பிறக்குமுன்னரே தந்தையார் காலமானார். வறுமையில் வாடிய தாயார் தம் மக்களுடன் சென்னை வந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார். அவருடைய நிழலில் பச்சையப்பர் கணக்கும் இங்கிலீஷும் கற்றார். இளம் பிராயத்திலேயே வர்த்தகத்தில் புகுந்து, வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷியாகிப் பெரும் பொருள் திரட்டினார். செங்கற்பட்டுச் சீமையிலும், பிற்பாடு தஞ்சாவூர்ச் சீமையிலும் அவருடைய கொடுக்கல் வாங்கல் பரவியது.

அந்தக் காலத்துத் துபாஷிகளின் செல்வத்தை நாம் குருட்டுத்தனமாகப் புகழ மாட்டோம். கம்பெனியார் நமது தேசத்தை உறிஞ்சிய நாட்களில், இடையில் நின்றவர்களின் கைகளிலும் அதில் ஒரு பங்கு தங்கிற்று. குடியானவன் செலுத்திய வரியும் வட்டியும் அச்செல்வத்தின் அடியில் இருந்தன. இதை மறைப்பது சரித்திரமாகாது. ஆயினும், ஒரே வழியில் பொருள் சேர்த்த பலருள், அதைப் பொதுஜனங்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று எண்ணியவர் மிகச் சிலர். பச்சையப்பர் அச்சிலரில் ஒருவர்.

அவர் கூவம் நதிக்கரையிலுள்ள கோமளீசுவரன்பேட்டையில் வசித்தார். அந்நதியில் ஸ்நானம் செய்து கோமளீசுவரரைத் தரிசிப்பது அவருடைய வழக்கமென்பர். இன்று கூவத்தைப் பார்க்கிறவர்கள் இதை நம்புவது கடினம். சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத் திருப்பணிக்கு அவர் பொருளுதவினார். காஞ்சீபுரத்திலும் அவருடைய தர்மங்கள் நடந்தன.

நாற்பது வயதிற்குள் அவருடைய உடல்நிலை குன்றிற்று. 1794ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 22ந் தேதி அவர் உயில் எழுதினார். தம் சொத்தின் பெரும்பகுதியைக் கோயில்களுக்கும், அன்னதானத்திற்கும், இதர தர்மங்களுக்கும் ஒதுக்கி, தம்மை ஆதரித்து வளர்த்த நாராயண பிள்ளையிடம் நம்பி ஒப்புவித்தார். அம்மாதம் 31ந் தேதி திருவையாற்றில் காவேரிக்கரையில் உயிர் நீத்தார்.

உயில் தெளிவாகவே இருந்தது. ஆனால், அதை நிறைவேற்றுகிறவர்களைக் கணக்குக் கேட்பதற்கு ஏற்பாடு இல்லை. தனி மனிதரின் நாணயத்தை மட்டும் நம்பி நின்ற தர்மம் விரைவில் வழக்குகளில் சிக்கிற்று. குடும்பத்தார் ஒருபுறமும் பொறுப்பாளர்கள் மற்றொருபுறமுமாக ஆண்டுக்கணக்கில் வியாஜ்யம் நடந்தது. சொத்து கைமாறிற்று, குறித்த தர்மங்கள் நின்றன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பச்சையப்பருடைய விருப்பம் காகிதத்திலேயே கிடந்தது.

முடிவில் சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் இவ்விஷயத்தில் மிகுந்த சிரத்தை எடுத்துக்கொண்டார். உயிலில் கண்ட தர்மங்களுக்கு வேண்டிய முதலை ஒதுக்கிய பின்னரும், வட்டியால் பெருகிய தொகை மிஞ்சி நின்றது. அந்த உபரியைக் கல்விக்குச் செலவிட வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. நிர்வாகம், நமது நாட்டவரே அங்கத்தினராயுள்ள ஒரு தர்மகர்த்தாக்கள் சபையின் வசம் வந்தது. 1842ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி பாபம்ஸ் பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பாதிரிமார் பள்ளிகளைத் தவிர வேறு வழி அரிதாயிருந்த காலத்தில், நமது பணத்தில், நமது நாட்டவர் நிர்வாகத்தில் நடந்த அப்பள்ளி எவ்வளவு பெரிய காரியமென்று சொல்ல வேண்டுவதில்லை.

பிறகு எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபம் எழும்பிற்று. 1846ல் அடிக்கல் நாட்டி 1850ல் திறக்கப்பட்ட அக்கட்டிடம், ஏதென்ஸ் நகரத்துத் தீஸியஸ் ஆலயத்தை மாதிரியாகக் கொண்டது. பள்ளி 1889ல் முதல்தரக் கல்லூரியாயிற்று. கல்லூரி 1940ல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கணித மேதை ராமாநுஜனும், பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரையும் அங்கே பயின்றவர்கள். நமது காஞ்சீபுரத்திலும் அவர் பெயரால் ஒரு கல்லூரி நடக்கிறது. பெரியபாளையத்தில் தந்தையின்றிப் பிறந்த ஓர் ஏழைப் பிள்ளையின் பொருள், இப்படி எண்ணற்ற ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியாயிற்று.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால், இந்த நூற்றாண்டிலும் அந்த அறக்கட்டளையின் நிர்வாகம் தகராறுக்குள்ளாகி, ஓய்வு பெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாகச் சென்னை உயர்நீதிமன்றம் நியமிக்க நேர்ந்தது. 1794ல் நேர்ந்த குறை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தலைகாட்டுமானால், குறை ஒரு மனிதரிடத்தில் மட்டும் இல்லை. தர்மகர்த்தாவை நியமிக்கிறோம், அவரைக் கண்காணிக்க மறந்துவிடுகிறோம்.

இதற்கு மருந்து தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட சாஸனங்கள் அங்கே இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் உள்ளவராய் இருக்க வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். அந்தச் சபை பிராமணர்களின் சபை. எல்லோருக்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. அந்தக் குறையை இன்றைய ஜனநாயகம் நீக்கிவிட்டது. கணக்கைப் பற்றிய அந்தக் கண்டிப்பை மட்டும் நாம் ஏன் நழுவ விட்டோம்?

இங்கிலாந்தில் 1895ல் ஆக்டேவியா ஹில் என்ற மாதும், ராபர்ட் ஹண்டர் என்ற வக்கீலும், ரான்ஸ்லி என்ற பாதிரியாரும் சேர்ந்து நாஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். மறு வருஷம் அவர்கள் 10 பவுனுக்கு வாங்கிய ஒரு பழைய வீடுதான் அவர்களுடைய முதற் கட்டிடம். 1907ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம், தங்கள் சொத்துக்களை விற்கக் கூடாதவையென்று பிரகடனம் செய்யும் அதிகாரம் பெற்றார்கள். தர்மகர்த்தாவின் கையையே கட்டிவைக்கும் இந்த யோசனையின் அருமை, பச்சையப்பருடைய கதையை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

மானாம்பதி போன்ற ஊர்களில் பழைய சத்திரத்தையோ வீட்டையோ காக்கச் சபை அமைக்க விரும்பும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பணம் திரட்டுவதற்கு முன்பே விதிகளை எழுதுங்கள். பதவிக்குக் காலவரை வையுங்கள். வருஷந்தோறும் கணக்கை ஊர் நடுவில் வாசியுங்கள். சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ ஒருவர் கையெழுத்துப் போதாதென்று செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள பொதுத் தர்மம் சீர்கெட்டிருந்தால், சிவில் புரொஸீஜர் சட்டத்தின் 92வது பிரிவை நினைவிற் கொள்ளுங்கள். அத்தர்மத்தில் சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட்டாரின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். கணக்குக் கேட்கலாம், தவறிய தர்மகர்த்தாவை நீக்கும்படி கோரலாம், நிர்வாகத்திற்குப் புதிய திட்டமும் கேட்கலாம்.

பச்சையப்பருக்காக அன்று கேட்பதற்கு ஆள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் அன்னசத்திரத்தை நம்பி வந்து பசியோடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ! உங்கள் ஊர்ச் சத்திரத்தின் கூரை அவ்வளவு காலம் காத்திராது. இரண்டு பேர் போதும் என்கிறது சட்டம். அவ்விருவரில் ஒருவராக முன்வாருங்கள் என்று நேயர்களை நாம் வேண்டுகிறோம்.