வெயிலை வேலை வாங்கியவர்!

இத்தாலி நாட்டின் பொலோனா நகரம். 1900ம் ஆண்டு வாக்கில், அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் மாடிக்குப் போனால் விந்தைக் காட்சி ஒன்றைப் பார்க்கலாம். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள்! நாம் வற்றல் காயப் போடுவது போல, ரசாயனங்களை வெயிலில் வைத்திருந்தார் தாடிக்காரப் பேராசிரியர் ஒருவர்.

அவர்தான் ஜியாகோமோ சியாமிசியன். டிரியஸ்ட் நகரில், ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பத்தில், 1857ல் பிறந்தவர். வியன்னாவில் படித்து, ஜெர்மனியின் கீசன் பல்கலையில் 1880ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889 முதல் கடைசி வரை பொலோனாதான்.

ஒரு பொருளை வேறொன்றாக மாற்ற, உலையை மூட்டு, அமிலத்தை ஊற்று என்பதே அந்நாள் வழக்கம். செடிகளோ சத்தமே இல்லாமல், வெயிலை வைத்தே சர்க்கரை செய்கின்றனவே! நம்மால் ஏன் முடியாது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. பால் சில்பர் என்ற ஜெர்மன் நண்பரும் சேர்ந்து கொண்டார். சீமைச் சோம்பு எண்ணெயில் கார்வோன் என்ற பொருள் இருக்கிறது. அதை ஒரு வருடம் முழுக்க வெயிலில் வைத்தனர். அது வேறு பொருளாக மாறியதை, 1908ல் அறிவித்தனர். என்ன பொறுமை பாருங்கள்!

கடந்த 1912ல் நியூயார்க் மாநாட்டில் பேசினார். நிலக்கரி என்றாவது தீர்ந்து விடும். பாலைவனங்களில் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, புகையில்லாத தொழிற்சாலைகள் அமைக்கலாம் என்றார். ஒளியோடு தகுந்த வினையூக்கி சேர்ந்தால், நீரையும் கரியமில வாயுவையும்கூட மாற்றலாம் என்றார். நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலம், யார் கேட்பார்? நோபல் பரிசுக்கு ஒன்பது முறை பரிந்துரைக்கப்பட்டும், பரிசு வரவில்லை. 1922ல் மறைந்தார்.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1972ல், ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப் பிரிப்பதை உலகுக்குச் சொன்னார்கள். வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொடிதான்!

இப்போது அதற்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பகுதி, உடலிலிருந்து வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகள், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி ஆற்றில் கலக்கின்றன. இந்தப் பொடியின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால், நீரிலிருந்து வீரியமான துகள்கள் பிறந்து, மருந்தைத் துண்டு துண்டாக்கி விடும். ஸ்பெயினின் அல்மேரியாவில், வெயிலில் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி இதைச் சோதித்து வருகின்றனர். சியாமிசியன் சொன்ன அதே குழாய்கள்!

ஒரு சிக்கல். சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் கொஞ்சமே. சாதாரண வெளிச்சத்திலும் உழைக்கும் பொடியைத் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள். பொலோனா பல்கலையின் வேதியியல் துறைக்கு, இன்று சியாமிசியனின் பெயர்தான்.