கட்டிடம் போச்சு, மாணவர்கள் நின்றார்கள்

விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1872-ல் மராட்டிய நாட்டுக் குருந்த்வாடில் பிறந்தார். சின்ன வயதில் முகத்தருகே பட்டாசு வெடித்துப் பார்வை கெட்டது. படிப்பு நின்றது. பாட்டாவது கத்துக்கட்டும் என்று மிரஜில் பாலகிருஷ்ணபுவாவிடம் சேர்த்துவிட்டார்கள்.

அந்த நாளில் வித்வான் என்றால் அரண்மனைச் சோறுதான். பாட்டுக்காரர் என்றால் கௌரவமான வீடுகள் முகம் சுளிக்கும். இதை மாத்தணும் என்றே 1896-ல் மிரஜை விட்டுக் கிளம்பினார். 1901 மே 5-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். ராஜாவை நம்பாமல், பொதுமக்கள் ஆதரவிலும் கச்சேரி வரும்படியிலும் நடந்த பள்ளி அது.

பாடகர் மட்டும் போதாது, பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோக ஆள் வேணும் என்பது அவர் கணக்கு. அதற்கென்றே 'உபதேசக்' வகுப்பு வைத்தார். சாப்பாடும் தங்க இடமும் இலவசம். ஆண்டுக்கணக்கில் பயிற்சி. பாடுவதோடு, பாடம் நடத்தவும் புது ஊரில் பள்ளி தொடங்கவும் பழக்கினார்.

1908-ல் பம்பாயில் பள்ளி திறந்தார். அங்கே எழுப்பிய சொந்தக் கட்டிடம் 1920-களில் கடனில் போயிற்று. மனுஷர் துறவிபோல ராமநாமத்தில் மூழ்கினார். 1931 ஆகஸ்டு 21-ல் மறைந்தார்.

கதை அதோடு முடியலை. சீடர்கள் அதே ஆண்டு ஒன்றுகூடி அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டலை அமைத்தார்கள். விநாயகராவ் பட்வர்தன் 1932-ல் பூனாவில் பள்ளி கண்டார். ஓம்கார்நாத் தாக்கூர் காசி இந்து பல்கலைக்கழகத்தில் இசைக் கல்லூரியை வளர்த்தார்.

ஒரு கல்லூரியின் உண்மையான சொத்து அதன் பழைய மாணவர்கள்தான். இன்று இங்கே கூடியிருக்கும் நமக்கு இதைவிட வேறென்ன சொல்ல?