அடிமைச் சீட்டு எழுத மறுத்த கடைக்காரர்

கடை வைத்துப் பிழைக்கும் நாம் அறியவேண்டியவர் ஜான் வூல்மன். 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த இவர், குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவினர்.

கடையொன்றில் கணக்கு எழுதிவந்தபோது, முதலாளி சொற்படி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்ற கிரயச் சீட்டை எழுதினார். மனம் உறுத்திற்று. பின்னர் அத்தகைய சீட்டு எழுத மறுத்துவிட்டார்.

சொந்த வியாபாரம் பெருகியது. அப்பளு இறைசிந்தனைக்கு இடையூறென்று 1756-இல் அதைக் குறைத்துக்கொண்டு, தையற்தொழிலால் ஜீவித்தார். அடிமைகள் பணிவிடை செய்த வீட்டில் தங்கினால், அவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்வார். ஊர் ஊராகச் சென்று தம் சபையாரிடமே நியாயம் பேசினார்.

1772-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையால் மாண்டார். 1776-இல் பிலடெல்பியா குவேக்கர் சபை, தன் அங்கத்தினர் அடிமை வைத்திருக்கலாகாதென விதித்தது.

சீட்டில் கையெழுத்திடுமுன், இலாபக் கணக்கோடு மறுமைக் கணக்கையும் நாம் பார்ப்போமாக!